ஏழாம் வாய்ப்பாட்டுக்கு அடித்த பெரட்டுத் தப்பு

நமுனுகுல மலைச்சரிவில், தேயிலைத் தோட்டத்துப் பெரட்டுக் களத்தை ஒட்டிய தகரக் கொட்டகைதான் எங்கள் பள்ளிக்கூடம். விடிகாலையில் களத்தில் தப்பு முழங்கினால் லயத்து வீடுகளில் இருக்கிற தொழிலாளர் எல்லோரும் எழுந்து வந்து பெரட்டுக்கு, வேலைக்கு ஆள் பிரிக்கிற வரிசையில், நிற்பார்கள். நான் பதுளை டவுனில் வளர்ந்த வாத்தியார். கோபம் மூக்கு நுனியில் இருக்கும்.

தப்படிப்பவரின் மகள் என் வகுப்பில் இருந்தாள். வாய்ப்பாடு கேட்டால் வாயே திறக்கமாட்டாள். விரல்கள் மட்டும் பலகையில் தாளம் போட்டுக்கொண்டே இருக்கும்.

"படிப்பு தலையில ஏறலீங்க வாத்தியாரய்யா. திங்கக்கெழமையில இருந்து புல்லு வெட்ட அனுப்புறேன்" என்று அவள் அப்பா சொல்லிவிட்டுப் போனார். அந்தப் பிஞ்சுக் கையில் புல்லுச் சுரண்டியா?

தாளம் வருகிற பிள்ளைக்குக் கணக்கு வராமலா போகும்? வெள்ளிக்கிழமை தப்பை எடுத்து வரச் சொன்னேன். அவளுக்கு நன்றாகத் தெரிந்தது பெரட்டு அடிதான். அதை அடித்துக்கொண்டே ஏழாம் வாய்ப்பாட்டைச் சொல்லச் சொன்னேன். "ஓரேழு ஏழு, ஈரேழு பதினாலு" என்று வாய் திறந்துவிட்டது! மற்றப் பிள்ளைகளும் சேர்ந்து கத்தினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

பள்ளத்துச் சத்தம் மேட்டுக்கு ஏறும் என்பது டவுன்காரனுக்கு எங்கே உறைக்கும்? நடுப்பகலில் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் பெரட்டு என்று நினைத்துக் கூடையும் கையுமாக இறங்கிக் களத்துக்கு வந்துவிட்டார்கள். "நான் இங்க இருக்கேன், அங்க அடிக்கிறது யாரு?" என்று கேட்டுக்கொண்டே முன்னால் ஓடிவந்தவர் அவள் அப்பாதான்.

பின்னாலேயே வந்த, வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளை வாசலில் நின்று உறுமினார். அவள் அடிப்பதை நிறுத்தினாள். போச்சு, திங்கட்கிழமை புல்லுவெட்டுதான் என்று எனக்குப் பட்டது.

"நிறுத்தாதே, சொல்லு" என்றேன்.

அப்பாவையே பார்த்தபடி அடித்துக்கொண்டே சொன்னாள். எழுபது வரை எங்கேயும் தடுக்கவில்லை.

கணக்கப்பிள்ளை இளகவில்லை. எல்லோருக்கும் அன்றைக்கு அரைப்பேர், பாதிச் சம்பளம்தான் என்றார். இனிப் பள்ளிக்குள் தப்பு வரக்கூடாது என்றார். அப்பா மகளின் கையிலிருந்து தப்பை வாங்கிக்கொண்டு போனார். நானே அவள் படிப்பைக் கெடுத்துவிட்டேன்.

திங்கட்கிழமை பெரட்டு கலைந்ததும் அவள் பள்ளி வாசலில் நின்றாள். கையில் சுரண்டி இல்லை. தேயிலைப் பெட்டிப் பலகைத் துண்டு ஒன்று இருந்தது.

"அப்பா செஞ்சு குடுத்தாருங்க. இதுல அடிச்சா மலைக்குக் கேக்காதாம்."