வாசலைப் பார்த்த கிளிகள்

பதுளை பஜாரில் முஷ்ரிபாவின் ஊசிநூல் கடைக்குள் ஒரே நேரத்தில் மூன்று பேர் நிற்கலாம். நான்காவது ஆள் லேஸ் சுருள்களோடு சேர்ந்து தொங்க வேண்டியதுதான் என்பார் பக்கத்துக் கடைத் தையல்காரர் றில்வான். ஹாலிஎலப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து விஜயலெட்சுமி வருகிற நாளில் அந்த நான்காவது ஆளாக அவரே வந்து நிற்பார்.

விஜயலெட்சுமி போன வருடம் வரை தினமும் தேயிலைக் கொழுந்து எடுத்தவள். லயத்து வீட்டு வாசலில் மரச்சட்டம் போட்டு, செல்போனைப் பார்த்தே ஆரிப் பூத்தையல் வேலை பழகினாள். இப்போது கிழமையில் பாதி நாள் மலை, பாதி நாள் சட்டம். முதன்முதலாக ஒரு கல்யாண ரவிக்கை அவளிடம் வந்திருந்தது. மணப்பெண் ஒரு டீச்சர், முஷ்ரிபாவின் வாடிக்கைக்காரி. "என்ட பொறுப்பு" என்று சொல்லித்தான் முஷ்ரிபா அந்த வேலையை வாங்கித் தந்தார். இது நன்றாக அமைந்தால் வேறு கல்யாணங்களும் வரும். தோட்டத்தில் பேர் கொடுக்கக் காலைப் பெரட்டுக்கு ஓடுவதை விட்டுவிடலாம்.

முத்துத் தெரிவு செய்ய வந்தவள், சட்டத்திலிருந்து வெட்டியெடுத்த ரவிக்கைக் கைகள் இரண்டையும் கண்ணாடி மேசையில் விரித்தாள். அரக்குப் பட்டு, கைக்கு ஒரு பச்சைக் கிளி. முத்து டப்பாவைத் திறந்த முஷ்ரிபா அதை மூடிவிட்டார்.

"புள்ள, ரெண்டும் ஒரே பக்கம் பாக்குது."

ஒன்றையொன்று பார்க்க வேண்டிய கிளிகள் இரண்டும் கடை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"பொண்ணுக்கு ரெண்டும் எடது கையா?" என்றார் றில்வான்.

"நீங்க கொஞ்சம் வாய மூடுங்க நானா," என்றார் முஷ்ரிபா.

ஊசியால் துளையிட்ட தாளைத் துணிமேல் வைத்து, மண்ணெண்ணெயில் குழைத்த பொடியைத் தேய்த்தால் படம் இறங்கும். மற்றக் கைக்குத் தாளைத் திருப்பிப்போட வேண்டும். விஜயலெட்சுமி படம் இறக்கிய அன்று விடாத மழை, முதல் கைக்குத் தேய்த்த தாள் காயவில்லை. ஈரத்தோடு திருப்பினால் பட்டில் கறை பிடிக்கும். அதனால் சட்டத்தின் எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்து, தாளைத் திருப்பாமலே தேய்த்தாள். பக்கம் மாறினால் படமும் மாறும் என்று நினைத்துவிட்டாள். சட்டத்தில் ஒன்று தலைகீழாக இருந்தவரை கிளிகள் எதிரெதிராகத்தான் தெரிந்தன; வெட்டி நிமிர்த்தியதும் ஒரே பக்கமாகிவிட்டன.

"பிரிச்சிரட்டுமா ராத்தா?"

"பட்டு புள்ள. ஊசித் துளை நிக்கும். இந்தப் பட்டு இனிக் கெடைக்கவும் மாட்டாது. அந்த டீச்சருக்கு நான் என்னெண்டு செல்றது?"

விஜயலெட்சுமி ஒரு கிளியின் மூக்குக்கு முன்னால் இருந்த வெறுந்துணியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள்.

"முத்துக்கொடிக்குன்னு எடம் விட்டேன். இங்க எதுக்க இன்னொரு கிளி வச்சா? கைக்கு ஒரு சோடி."

"அவ ஒண்டுதானே கேட்டா."

"போன் போடுங்க. நானே சொல்றேன்."

தொலைபேசியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "மிஸ், நான் தப்பா வரைஞ்சிட்டேங்க. ஒரு கிளி முதுகுப் பக்கம் பாக்கும்." பிரிக்க முடியாததையும் சோடி வைக்கிற யோசனையையும் மறைக்காமல் சொன்னாள்.

"முதுகப் பாத்தா எங்கம்மா சகுனம் சரியில்லன்னு ஒப்பாரி வச்சிருவாங்க," என்றது எதிர்முனைக் குரல். "சோடின்னா ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. ஆனா வியாழக்கிழமை தப்பக் கூடாதுங்க."

அந்தக் கிழமை அவள் மலைக்குப் போகவில்லை. காய்ந்திருந்த தாளை இந்த முறை திருப்பிப்போட்டாள். போடுமுன் பழைய துணியில் ஒரு தடவை தேய்த்தும் பார்த்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை பகல் பஸ்ஸில் வந்து இறங்கினாள். கண்கள் சிவந்திருந்தன. ரவிக்கையைத் தைக்க வேண்டிய றில்வான் இரண்டு கைகளையும் வாங்கி இடம் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். ஒவ்வொன்றிலும் இரண்டு கிளிகள், மூக்கோடு மூக்கு. சுண்ணக்கட்டியை எடுத்தவர் அடையாளம் போடாமல் நின்றார்.

"இதுல எது எடது?"

"உங்க இஷ்டம்," என்றாள் விஜயலெட்சுமி. "எதை எங்க வேணும்னாலும் வைங்க."