முதலில் வந்த மேற்பல்

இன்று சனிக்கிழமை, காலை எழுந்ததும் முதல் வேலையாக மகனின் வாய்க்குள் விரலை விட்டேன்.

(என் பல்லை விளக்குவதற்கு முன்பே! சுகாதாரமும் விஞ்ஞானமும் படிப்பிக்கிற ரீச்சர். என் மாணவிகள் யாரும் இதை வாசித்தால் மன்னிக்கவும்.)

பல் முளைக்கிற பிள்ளையை வைத்திருந்தவர்களுக்கு இது புரியும்.

ஒன்பது நாளாக ஒரேயடியாய் இரண்டு மணித்தியாலம்கூடத் தூங்கவில்லை. வியாழக்கிழமை எட்டாம் வகுப்பில் கரும்பலகையில் சாய்ந்தபடியே கண் அயர்ந்துவிட்டேன். 'ஒளித்தொகுப்பு' என்று எழுதியதில் பாதி என் சேலை முதுகில் ஒட்டிக்கொண்டு வீடு வரைக்கும் வந்தது.

எனக்கு வயது நாற்பத்திரண்டு. மூத்தவள் விடுதியில் நின்று ஏ.எல். படிக்கிறாள். சின்னவனுக்கு ஏழு மாதம்.

(சிரித்து முடித்துவிட்டீர்களா? நல்லது.)

என் கணவருக்கு வேலை அநுராதபுரத்தில். மாதம் ஒருமுறை வருவார், பிள்ளையைக் கொஞ்சுவார், நன்றாகத் தூங்குவார், போவார்.

மருந்து சொல்லாத ஆள் இல்லை. கிளினிக் நேர்ஸ் ஈரத்துணியைக் கடிக்கக் கொடுக்கச் சொன்னா. கடித்தான், அழுதான். பக்கத்து வீட்டு மேரி அக்கா பல்முரசில் பூசச் சொல்லிக் குட்டிப் போத்தலில் பிராந்தி தந்தா. பிள்ளைக்குப் பூசவில்லை. (வீணாகவும் போகவில்லை.)

ஒன்றும் சரிவரவில்லை. சரிவந்தது என் தம்பி சிவம் மட்டும்தான்.

சிவம் எங்களோடு இருக்கிறான். துறைமுகத்தில் வேலை. தொழிற்சங்கத்தில் பெரிய பேச்சாளன். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு விறாந்தையில் நடந்தபடி, அடுத்த கூட்டத்துக்கான பேச்சை மெல்லச் சொல்லிப் பார்ப்பான்.

"தோழர்களே! நாள் பார்க்கிறது, சகுனம் பார்க்கிறது, எல்லாம் எங்களை அமத்தி வைக்கிறதுக்குத்தான்..."

இரண்டாவது 'தோழர்களே' வருவதற்குள் பிள்ளை தூங்கிவிடும்.

(கூட்டத்திலும் அப்படித்தானாம்.)

சரி, விரலுக்கு வருகிறேன்.

முனையில் ஏதோ சுருக்கென்றது. பல்! துள்ளிக் குதிக்கப் போனேன். அப்போதுதான் கவனித்தேன், அது மேலே. கீழே தடவினேன், வெறும் முரசு.

மேற்பல் முதலில் வந்தால் தாய்மாமனுக்கு ஆகாது என்பது எங்கள் பக்கத்துக் கணக்கு. கீழ்ப்பல் வருமட்டும் மாமன் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்கக் கூடாது.

அந்தச் சட்டத்தை அமுல்படுத்த வீட்டிலேயே ஓர் அதிகாரி உண்டு. என் கணவருடைய அக்கா, பரமேஸ் மச்சாள். அவவுக்குத் தெரிந்தால் சிவத்தின் சூட்கேஸ் மத்தியானமே வாசலில் நிற்கும். அவன் போனால் எங்கள் தூக்கமும் அதே சூட்கேஸில் போய்விடும்.

ஆகவே வாயை மூடிக்கொண்டேன். பல் முளைக்கிற ஒழுங்கு பிள்ளைக்குப் பிள்ளை மாறும். இதை நான்தான் வகுப்பில் படிப்பிக்கிறேன்.

ஆனால் காலைச் சாப்பாட்டுக்குப் பாண் வாங்கச் சிவம் சைக்கிளை எடுத்தபோது என் வாய் தானாகத் திறந்தது.

"தம்பி, ஓரமாப் போ."

"என்னக்கா, எனக்கு முப்பத்திரண்டு வயசு!"

அவன் போய்ப் பாணோடு திரும்பும்வரை நான் வாசல் படலையடியில் நின்றேன். ஏன் நின்றேன் என்று என்னையே கேட்டேன்.

பத்து மணிக்கு மச்சாள் வெள்ளிக் கரண்டியோடு வந்தா. பல் வந்திருந்தால் கரண்டி பட்டதும் 'டிக்' என்று கேட்கும். கீழ் முரசில் தட்டினா.

"சத்தம் இல்லை, விமலா. நீர் பாத்தனீரோ?"

"கீழை ஒண்டும் இல்லை மச்சாள்." (பொய் இல்லையே!)

"முதல் பல்லுக்கு அவிக்கிற கொழுக்கட்டைக்கு மா வறுத்து வச்சு ரெண்டு கிழமை. வண்டு விழப்போகுது. எங்கை, மேலையும் ஒருக்காத் தட்டிப் பாப்பம்."

"மச்சாள்! குசினியிலை என்னவோ கருகுது!"

ஓடினா. உடனே திரும்பி வந்தா.

"அடுப்பே மூட்டேல்லை! நித்திரை இல்லாமல் உமக்கு மூக்கும் பிழைச்சுப்போச்சு. போய்ப் படும்!"

அதற்குள் பிள்ளை வாயை இறுக்கிக்கொண்டு அழத் தொடங்கிவிட்டான். என் பக்கம் பேச ஓர் ஆளாவது இருக்கிறான்.

பின்னேரம் மச்சாள் கோயிலுக்குப் போன நேரம், சிவம் வேலையால் வந்து பிள்ளையைத் தூக்கினான். "தோழர்க..." என்றான். அதோடு நின்றது.

"ஆ! கடிக்கிறான் அக்கா!"

விரலைப் பார்த்தான். பிள்ளையின் வாயைப் பார்த்தான்.

"இது மேலையெல்லோ?"

"ஓம்."

"கீழை?"

"இல்லை."

"மச்சாளுக்குத் தெரியுமோ?"

"தெரியாது. நான் சொல்லமாட்டன்."

"விசர்க்கதை அக்கா, உதெல்லாம்."

"ஓம், விசர்க்கதைதான்."

அப்படிச் சொல்லிக்கொண்டே பிள்ளையை என்னிடம் நீட்டினான். முகத்தை மற்றப் பக்கம் திருப்பியபடி.

"அக்கா, புல்மோட்டையிலை ஒரு சிநேகிதன் கனநாளாக் கூப்பிடுறான். ரெண்டு கிழமை நிண்டிட்டு வரட்டோ?"

"அப்ப உன்ரை கூட்டம்?"

"வேறை ஆரும் பேசுவினம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவனுடைய முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது. காலையில் படலையடியில் நின்றவள் நான்தானே. சிரிக்கிற உரிமை எனக்கு எங்கே இருக்கிறது?

"காலமை சொல்லுறன்," என்றேன்.

இப்போது பிள்ளை என் மடியில் சிணுங்குகிறான். சிவம் தன் அறையில் இருக்கிறான். விறாந்தையில் பேச்சு இல்லை.

கொடி சுற்றிப் பிறந்த பிள்ளையின் முகத்தைத் தாய்மாமன் முதலில் எண்ணெய்க் கிண்ணத்தில் பார்த்தால் தோஷம் கழியும் என்பார்கள். என் பிள்ளை கொடி சுற்றிப் பிறக்கவில்லை. பல்லுக்கும் அந்தப் பரிகாரம் செல்லுமா என்று எனக்குத் தெரியாது. கேட்டால் சொல்லக்கூடிய ஒரே ஆள் மச்சாள். அவவிடம் கேட்க ஏலாது!

இருந்தாலும் முடிவெடுத்துவிட்டேன். விடிய, மச்சாள் கிணற்றடிக்குப் போனதும், கிண்ணத்தில் நல்லெண்ணெய் விட்டு, அதன் முன்னால் சிவத்தை இருத்தி, முகம் எண்ணெயில் தெரிய, பின்னால் பிள்ளையைத் தூக்கிப் பிடிக்கப் போகிறேன். அவனுக்கே இன்னும் சொல்லவில்லை. உங்களுக்குத்தான் முதலில் சொல்கிறேன். (மச்சாளுக்கு யாரும் இதைக் காட்டிவிடாதீர்கள்!)

சயன்ஸ் படித்தவள் எதற்காக இதைச் செய்கிறாய் என்று கேட்பீர்கள்.

நித்திரைக்குத்தான்!

(அப்படியே வைத்துக்கொள்வோம்.)