இஸ்திரிப்பெட்டி சுட்ட பேய்

முட்டாள்தனத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். போன ஹாலோவீன் அன்று மாலை ஏழு மணிக்கு, மைசூர் ஹெப்பாளில் என் வாடகை ஃப்ளாட் வாசலில், வெள்ளை பெட்ஷீட்டைத் தலையோடு போர்த்திக்கொண்டு ஒரு பேய் வந்து நின்றது. அது என் மகள் என்று நம்பினேன். சந்தேகப்பட்டேன் என்று சொல்லவில்லை. நம்பினேன். முழுசாக அரை மணி நேரம், ஐம்பது வயதை எட்டிப்பார்க்கிற ஒரு மனிதன், மூன்றாவது மாடியில்.

மகளுக்குப் பதின்மூன்று வயது. அவளும் அவள் அம்மாவும் விஜயநகரில் இருந்தார்கள், என் ஃப்ளாட்டிலிருந்து பஸ்ஸில் பதினைந்து நிமிடம். நாங்கள் பிரிந்து மூன்று வருடம் ஆகிறது. மாதத்தில் இரண்டாவது சனிக்கிழமை மகள் என்னுடன் என்று கோர்ட் கொடுத்த தாளில் இருக்கிறது. ஜூன் வரை வந்தாள். ஜூலையில் காய்ச்சல், ஆகஸ்டில் பரீட்சை, செப்டம்பரில் யாருக்கோ கல்யாணம். அக்டோபரில் காரணம்கூட வரவில்லை.

காரணம் எனக்கே தெரியும். ஜூன் மாதச் சனிக்கிழமையில் அவளை ஒரு பேக்கரிக்குக் கூட்டிப்போனேன். அங்கே பரிமாற வந்தவரிடம் நான் ஊமை போல நடித்து, கை ஜாடையிலேயே பப்ஸும் காபியும் சொல்லி, அவர் பாவப்பட்டு ஒரு பப்ஸ் கூடுதலாக வைத்ததும் "ரொம்ப தேங்க்ஸ் சார்" என்று உரக்கச் சொன்னேன். கடையே சிரித்தது. பக்கத்து மேஜையில் மகளின் வகுப்புப் பெண்கள் மூன்று பேர் இருந்ததை நான் கவனிக்கவில்லை. வெளியே வந்து அவள் சொன்னாள், "அப்பா, ப்ளீஸ். ஒரே ஒரு தடவை நார்மலா இருப்பா." அதற்கு நான் விறைத்துப்போய் ரோபோ மாதிரி நடந்து, "நார்மல் மோடு ஆன்" என்றேன். அவள் சிரிக்கவில்லை. பஸ் வரும் வரை செல்போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எங்கள் அபார்ட்மெண்டில் பாதிப்பேர் பக்கத்துக் கம்ப்யூட்டர் கம்பெனிகளில் வேலை பார்க்கிறவர்கள். அவர்கள் புண்ணியத்தில் நாலு வருடமாக ஹாலோவீன் நடக்கிறது. பிள்ளைகள் வேஷம் போட்டுக்கொண்டு கதவு கதவாக வந்து மிட்டாய் கேட்பார்கள். கலந்துகொள்ளும் வீடுகள் கதவில் ஆரஞ்சு ரிப்பன் கட்ட வேண்டும். குடியிருப்போரின் பிள்ளைகள் மட்டும், பெயர்ப் பட்டியல் செக்ரட்டரியிடம். இவ்வளவு சட்டதிட்டத்தோடு வேறெந்த ஊரிலும் பேய் நடமாடாது.

அதை வைத்து மகளுக்கு ஒரு மெசேஜ் போட்டேன். "31ந்தேதி எங்க அபார்ட்மெண்ட்ல பேய் ஊர்வலம். நீயும் வேஷம் போட்டுக்கிட்டு வா. உன்னை அடையாளம் தெரிஞ்ச மாதிரி காட்டிக்கவே மாட்டேன். ஜோக் கிடையாது. சத்தியம்." படித்துவிட்டாள். பதில் வரவில்லை. வராத பதிலை வருகிறேன் என்ற பதிலாகப் படிக்கும் திறமை எனக்கு உண்டு. ஒரு வாரமாகத் தினமும் படித்தேன்.

அன்று மாலை மங்கி குல்லாயை மூக்கு வரை இழுத்துவிட்டு, முகத்தில் பவுடரை அப்பிக்கொண்டு, தாடைக்குக் கீழே டார்ச் அடித்தபடி கதவைத் திறந்தேன். ஏழெட்டுப் பிள்ளைகள். முன்னால் நின்ற ரத்தக் காட்டேரிக்கு ஒன்பது வயது இருக்கும், கடைவாயில் தக்காளி சாஸ்.

"அங்கிள், போன வருஷமும் இதேதானே பண்ணினீங்க?"

"போன வருஷம் பவுடர் கம்மிடா."

"பயமே வரலை அங்கிள். சாக்லேட் குடுங்க, இன்னும் ரெண்டு மாடி இருக்கு."

கொடுத்துக்கொண்டே வந்தேன். கடைசியில், எல்லோருக்கும் பின்னால், அந்த வெள்ளை பெட்ஷீட் நின்றது. கண்ணுக்கு இரண்டு ஓட்டை. தரையில் இழுபடும் நுனி. இடுப்புப் பக்கம் தொங்கிய மடிப்பில் பழுப்பாக ஒரு மீன்.

அந்த மீனைப் பற்றிச் சொல்ல வேண்டும். மகளுக்கு ஆறு வயதாக இருந்தபோது, ஒரு காலையில் மேஜைக்குப் போகச் சோம்பல்பட்டுக் கட்டிலிலேயே பேண்டை இஸ்திரி போட்டேன். நடுவில் போன் வந்தது. யாரிடமோ என்னமோ வேடிக்கை பேசிவிட்டுத் திரும்பினால், புது பெட்ஷீட்டில் இஸ்திரிப்பெட்டி படகு போல ஒரு சூட்டை வைத்திருந்தது. அம்மா திட்டப்போகிறாள் என்று மகள் அழியாத மை பேனாவைக் கொண்டுவந்தாள். படகுக்கு ஒரு கண், ஒரு வால், செதிலுக்குப் பதிலாக நாலு கோணல் கோடு. "இப்போ இது டிசைன்," என்றாள். அவள் அம்மா பார்த்துவிட்டு என்னை மட்டும் திட்டினாள். அப்படி ஒரு மீன் உலகத்தில் ஒரே பெட்ஷீட்டில்தான் இருக்க முடியும். அந்த பெட்ஷீட் விஜயநகர் வீட்டில் இருந்தது.

என் கையிலிருந்த டப்பாவைச் சாய்த்துவிட்டேன். நாலு சாக்லேட் கீழே விழுந்தது. நான் சத்தியம் செய்திருந்தேன் அல்லவா, அதனால் காட்டிக்கொள்ளவில்லை.

"இந்தப் பேய் ரொம்ப அமைதியான பேய் போல இருக்கே?" என்றேன்.

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "அது பேசாது அங்கிள்," என்றது காட்டேரி அவசரமாக.

சரிதான், எல்லோரிடமும் சொல்லிவைத்திருக்கிறாள் என்று நினைத்தேன். என் மகளின் கெட்டிக்காரத்தனத்தை எண்ணி நெஞ்சு விம்மியது. கொஞ்சம் குட்டையாகத் தெரிந்தாள். நான்கு மாதத்தில் பெண் குழந்தை வளருமே தவிர குட்டையாகாது என்ற சின்ன உண்மை மண்டைக்குள் வந்து தட்டியது. போர்வைக்குள் குனிந்து நிற்கிறாள் என்று சொல்லி அதை அனுப்பிவைத்தேன். அந்தப் பைக்குள் மூன்று கை சாக்லேட் அள்ளிப் போட்டேன். காட்டேரி, "இது அநியாயம் அங்கிள்!" என்று கத்தியது.

கதவைச் சாத்திய பிறகு நான் அடித்த கூத்தை நல்லவேளை யாரும் பார்க்கவில்லை. திரும்பி வருவாள், ஊர்வலம் முடிந்ததும் தனியாக வருவாள் என்று தீர்மானித்துவிட்டேன். கொடியில் காய்ந்த பனியன்களை உருவி ஃபிரிட்ஜுக்குள் திணித்தேன். ஏன் ஃபிரிட்ஜ் என்று கேட்காதீர்கள், அதன் கதவுதான் அப்போது திறந்திருந்தது. லுங்கியை மாற்றிப் பேண்ட் போட்டேன். அவளுக்குப் பிடித்த நூடுல்ஸுக்குத் தண்ணீர் வைத்தேன், அடுப்பைப் பற்றவைக்க மறந்தேன். கண்ணாடியில் பார்த்தால் குல்லாய், பவுடர். மகள் நார்மலாக இரு என்று கேட்டுக்கொண்ட முகம் அதுவா? ஓடிப்போய்க் கழுவினேன். ஒரு கன்னம் முடிந்திருந்தபோது மணி அடித்தது.

பேய் தனியாக நின்றது. பையை நீட்டியது.

நான் மண்டியிட்டு உட்கார்ந்தேன். முகத்தில் பாதி வெள்ளை, பாதி ஈரம். வராந்தா விளக்கு அதன் முதுகுப் பக்கம் இருந்ததால் ஓட்டைக்குள் கண் தெரியவில்லை. வேடிக்கையாக எதுவும் சொல்லிவிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். வேடிக்கை இல்லாமல் பேசி எனக்குப் பழக்கமில்லை.

"நார்மலா இருக்கேன், பாரு," என்றேன் கடைசியில். "சாக்லேட் எல்லாம் உனக்குத்தான். உள்ளே வா. அஞ்சு நிமிஷம் உக்காரு, போதும்."

பேய் ஒரு அடி பின்னால் போனது.

"அப்பா மேல கோபமாடா கண்ணு?"

இன்னொரு அடி. நான் கையை நீட்டினேன். துணி விரலில் பட்டது. பிடித்துக்கொண்டேன். பிடித்தது அந்த மீனைத்தான். பேய் ஒரே இழுப்பில் பிடுங்கிக்கொண்டு ஓடியது.

நானும் ஓடினேன். வீட்டில் நான் மட்டுமே கூப்பிடும் அவளுடைய செல்லப் பெயரைக் கத்திக்கொண்டு, வெறுங்காலோடு, படிக்கட்டில். "நில்லு! அப்பா ஒண்ணும் சொல்ல மாட்டேன்! நில்லும்மா!" கதவுகள் திறந்தன. சிலர் இதையும் என் நிகழ்ச்சி நிரலில் ஒன்று என்று நினைத்துக் கைதட்டினார்கள். இரண்டாவது மாடித் திருப்பத்தில் பேய் தன் நுனியைத் தானே மிதித்து விழுந்தது. சாக்லேட்டுகள் படி படியாக உருண்டன. பெட்ஷீட் நழுவியது.

எங்கள் வாட்ச்மேனின் மகள். பதினொரு வயது. தினமும் காலையில் கேட்டருகே எனக்கு "குட் மார்னிங் சார்" சொல்கிற பெண். முழங்காலைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள். இவ்வளவு பயந்த முகத்தை அன்று ராத்திரி அந்தக் கட்டடத்தில் வேறு யாரும் வரவழைத்திருக்க முடியாது. மூன்று வருட முயற்சி ஒருவழியாகப் பலித்தது.

"நான் திருடல சார்," என்றாள். "நீங்கதான குடுத்தீங்க."

இரண்டாவது மாடியில் குடியிருக்கும் செக்ரட்டரி வெளியே வந்துவிட்டார். "ஏன்ரீ சார் இது?" என்றார் என்னிடம், கன்னடம் கலந்து. பிறகு அவளைப் பார்த்தார். "இவ லிஸ்ட்லயே இல்லையே?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. பேசினால் குரலை வைத்துக் கண்டுபிடித்து அனுப்பிவிடுவார்கள். அதனால்தான் அது பேசாத பேய். பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து அவளைக் காப்பாற்றிக்கொண்டு வந்திருக்கிறார்கள். மூன்று மாடி வரை.

"நான்தான் சார் கூப்பிட்டேன்," என்றேன்.

"கூப்பிட்டவரு எதுக்குத் துரத்தறீங்க?"

உட்கார்ந்து சாக்லேட்டுகளைப் பொறுக்கிப் பையில் போட்டு, பெட்ஷீட்டை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, அவள் பின்னாலேயே கீழே போனேன்.

வாட்ச்மேன் குடும்பத்துக்குக் கார் நிறுத்தும் இடத்தை ஒட்டி ஒரு அறை. கொள்ளேகாலுக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டு எல்லையோரத்துக்காரர்கள். அவர் மோட்டார் போடப் போயிருந்தார். அம்மா மகளின் முழங்காலைப் பார்த்தாள், என் முகத்தின் இரண்டு நிறங்களைப் பார்த்தாள், எழுந்து நின்றுவிட்டாள்.

"அவளெ வையாதீங்க சார். நாந்தானுங்க போத்தி உட்டேன். எல்லாப் புள்ளைங்களும் போகுது, நானும் போறேன்னு ஒரே அழுகை."

"தப்பு என் மேலதாம்மா. நான் வேற யாரோன்னு நினைச்சுத் துரத்திட்டேன்."

"யாருன்னுங்க சார்?"

"அது கிடக்கட்டும்," என்றேன். பெட்ஷீட்டைக் காட்டினேன். "இது எங்கே வாங்கினது?"

"வாங்கலீங்க. குடுத்தாங்க. விஜயநகர்ல காலைல நான் வேலைக்குப் போய்க்கிட்டிருந்த ஊடு சார். தண்ணி டேங்குப் பக்கம், மாடி ஊடு. பேங்க்ல இருக்கற அம்மா. ஒரு பாப்பா மட்டும்."

"சும்மா குடுத்தாங்களா?"

"ஊடு காலி பண்றப்ப குடுத்தாங்க சார். ரெண்டு பெட்ஷீட்டு, ஒரு குக்கரு, பாப்பாவோட பழைய ஷூ. எல்லாத்தையும் லாரில ஏத்த முடியாதுன்னாங்க. எனக்கும் ஒரு ஊட்டு வேலெ போச்சு."

நான் தரையில் உட்கார்ந்தேன். வெந்நீரில் துணியை நனைத்துத் தன் மகளின் முழங்காலைத் துடைத்தபடியே அவள் பேசிக்கொண்டிருந்தாள். நல்ல அம்மா, சம்பளத்தை ஒரு நாள்கூடத் தள்ளிப்போட்டதில்லை. பாப்பா அதிகம் பேசாது, ஆனால் வேலைக்காரி என்று ஒரு நாளும் பார்த்ததில்லை.

"அந்தப் பாப்பாவுக்கு அப்பா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"வெளிநாட்டுல இருக்காருன்னு பாப்பா சொல்லுச்சுங்க சார். நான் பாத்ததே இல்லீங்க."

ஹெப்பாள் வெளிநாடுதான். விசா கிடைப்பதில்லை. இந்த ஜோக் அங்கேயே, அந்த நொடியிலேயே எனக்குத் தோன்றியது. அதற்காக என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

"உங்களுக்குத் தெரிஞ்சவங்களா சார்?"

"தெரியும்," என்றேன்.

அந்தப் பெண் முழங்காலில் மஞ்சள் பூசிக்கொண்டு பையிலிருந்து ஒரு சாக்லேட்டை எடுத்தாள். பிரிக்கலாமா என்று என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். அவள் அம்மா எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டு, எழுந்துகொள்ளும்போது பெட்ஷீட்டை அவர்களிடமே வைத்துவிட்டேன். அது அவர்களுடையது.

மறுநாள் காலையிலேயே விஜயநகர் போனேன். மாடி வீட்டின் கிரில்லில் வாடகைக்கு என்று கன்னடத்தில் எழுதிய அட்டை தொங்கியது. கீழ்வீட்டுக்காரர் என்னை வீடு பார்க்க வந்தவன் என்று நினைத்து அட்வான்ஸ் எவ்வளவு என்பது வரை சொன்னார். நானும் சமையலறையில் வெளிச்சம் வருமா என்றெல்லாம் கேட்டேன். சாவி கொடுத்தார். சுற்றிப்பார்த்துவிட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுத்தேன்.

முன்பு இருந்தவர்கள் எங்கே போனார்கள் என்று கேட்டதற்கு அவர் சொன்னது இதுதான். பேங்கில் மாற்றல் வந்து, தசரா முடிந்த மறு வாரமே அம்மாவும் மகளும் புணேக்குப் போய்விட்டார்கள். மகளை அங்கே பள்ளியில் சேர்த்தாகிவிட்டது.