முதலைக் குளத்தின் மேல் தொங்குகிறவன்

வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டுகிற தொழிலில் துணி கிழிந்தால் தைக்கலாம், மெஷின் நின்றால் தட்டலாம், மழை வந்தால் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு வானத்தைத் திட்டலாம். படத்தின் முடிவையே ஒருவன் தூக்கிக்கொண்டு போய்விட்டால் ஒன்றும் செய்ய முடியாது. ஐயா, பெயரைச் சொல்லி உம்மைப் பெரிய மனிதராக்க மாட்டேன். ஊருக்குக் கப்பலேறுகிற அவசரத்தில் மெஷினையும் படத்தையும் என் தலையில் கட்டினீரே, அந்தக் கடைசி ரீலை நீர்தான் எடுத்தீர்.

பழைய சாமான் வாங்கி வயிறெரிந்தவர்களே, நியாயத்தை நீங்களே சொல்லுங்கள். நான் பள்ளிக்கூடம் போனவனில்லை. படித்ததெல்லாம் தேக்கா மார்க்கெட்டில், ஏமாந்து ஏமாந்து. அழ வைக்கிற படம், புத்தி சொல்கிற படம் என்று வாடகைக்கு எடுத்து எத்தனையோ காட்டியிருக்கிறேன். ஜனங்களைச் சும்மா சந்தோஷமாக உட்கார வைத்தது நான் சொந்தமாக வாங்கிய இந்த ஒரு படம்தான். ஓர் இளவரசன், ஒரு கெட்ட மந்திரி, சிறைப் பூட்டைப் பல்லால் கடித்துத் திறக்கிற ஒரு வெள்ளைக் குதிரை, மூச்சு விடாமல் கத்திச் சண்டை. நீதி, போதனை ஒன்றும் கிடையாது. போன இடமெல்லாம் "குதிரைப் படம் போடுங்க" என்றுதான் கேட்டார்கள்.

ஐந்தாவது டப்பா

படம் ஐந்து தகர டப்பாக்களில் வந்தது. நான்கை மெஷினில் ஓட்டிப் பார்த்தேன். ஐந்தாவதைப் பிரிக்கப் போனபோது கப்பலுக்கு நேரமாகிறது என்றீர். கையில் தூக்கிக் கனம் மட்டும் பார்த்தேன். கனம் சரியாகத்தான் இருந்தது.

முதல் காட்சி செம்பவாங்கில், கப்பல் பட்டறைத் தொழிலாளர் குடியிருப்புக்கு முன்னாலிருந்த திடலில். நான்காவது ரீல் முடிகிறபோது இளவரசன் கத்தியைப் பறிகொடுத்துவிட்டுக் கோட்டைச் சுவரில் ஒற்றைக் கையால் தொங்குகிறான். கீழே குளம். குளத்தில் ஒரு முதலை. அந்தக் கையை மிதிக்க மந்திரி காலைத் தூக்குகிறான். என் ஆப்பரேட்டர் அந்தோணி அவசர அவசரமாக ஐந்தாவது ரீலை மாட்டினான். துணியில் தண்ணீர் தெரிந்தது. தண்ணீருக்குள் ஏதோ நெளிந்து நெளிந்து நீந்தியது. முதலைக் குட்டி என்று கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டது, நானும்தான். அப்புறம் ஒரு குரல், சாக்கடையில் தண்ணீர் தேங்க விடக் கூடாது என்று மலாயில் விளக்க ஆரம்பித்தது. கொசு ஒழிப்புப் படம்! நிறுத்தினால் அடிப்பார்கள் என்று அந்தோணி அதை முழுசாக ஓட்டினான்.

விளக்கு எரிந்ததும் வெல்டிங் வேலை செய்கிற ஒருவர் நிதானமாக எழுந்து என்னிடம் வந்தார். "முதலாளி, அவன் செத்துட்டான்னு சொல்லுங்க, ஒத்துக்கிறோம். கொசுவாப் பொறந்துட்டான்னு மட்டும் சொல்லாதீங்க லா."

அந்தோணி சொன்ன நியாயம்

மறுநாள் நீர் தங்கியிருந்த வீட்டுக்குப் போனேன். நீர் கப்பலில் போய்விட்டீர், முகவரி கிடையாது என்றார்கள். தெருவே வேடிக்கை பார்க்கிற மாதிரி கத்திவிட்டுத் திரும்பினேன். மெஷினைத் துடைத்துக்கொண்டே அந்தோணி, "நீங்க அவரு விலையில கடைசித் துண்டை வெட்டுனீங்க, அவரு படத்துல கடைசித் துண்டை வெட்டிட்டாரு" என்றான். பேரம் பேசுவது குற்றமா? பேசாமல் வாங்குகிறவனை எங்கள் ஊரில் முட்டாள் என்பார்கள். வேலையை விட்டுப் போடா என்றேன். அவன் துடைப்பதை நிறுத்தவே இல்லை.

"நான் போயிட்டா நாளைக்கு யாரைப் பார்த்துண்ணே கத்துவீங்க?"

கண்ணால் பார்த்தவர்கள்

முடிவு தெரிந்தால் மைக்கில் சொல்லியாவது சமாளிக்கலாமென்று, இந்தப் படத்தைக் கப்பலேறி வருமுன் ஊரில் பார்த்தவர் யாராவது கிடைப்பார்களா என்று சிராங்கூன் ரோட்டில் விசாரித்தேன். ஒரே முடிதிருத்தும் கடையில் மூன்று பேர் கிடைத்தார்கள். குதிரை கடிவாளத்தைத் தொங்கவிட்டு இளவரசனைத் தூக்கியது என்றார் கடைக்காரர். குதிரை அதற்கு முன்பே செத்துவிட்டது, காணாமல் போன அண்ணன் வந்து காப்பாற்றினான் என்றார் நாற்காலியில் இருந்த ஜவுளிக்காரர், முகமெல்லாம் சோப்பு நுரையோடு. வாசலில் கச்சாங் பூத்தே விற்கிறவர் கடலைப் பொட்டலத்தை மடித்துக்கொண்டே, அண்ணனே கிடையாது, மந்திரி வழுக்கி விழுந்தான் என்றார். மூவரும் சொந்தக் கண்ணால் பார்த்தவர்கள். நுரை காய்கிற வரைக்கும் சண்டை போட்டார்கள்.

நான் மேசையில் ஓங்கிக் குத்தினேன். ஒரே படத்துக்கு மூன்று முடிவா? கடைக்காரர் சவரக் கத்தியைத் துடைத்தபடி சொன்னார்: "கோவப்படாதீங்கண்ணே. ஒங்களுக்கு எது தோதுன்னு மொதல்லயே சொல்லியிருந்தா, மூணு பேரும் அதையே பாத்திருப்போமே."

ஒரு முதலை பற்றாது

கடைசியில் நானே ஒரு முடிவைக் கட்டினேன். நான்காவது ரீல் முடிந்ததும் மைக்கைப் பிடித்துக்கொண்டு சொல்வேன்: குதிரை கனைத்தது, மந்திரி திரும்பிப் பார்த்தான், கால் தவறிக் குளத்தில் விழுந்தான், முதலை விழுங்கியது, கல்யாணம், சுபம். புக்கிட் பாத்தோக்கில் கல்லுடைக்கிற தொழிலாளிகளுக்கு இப்படிச் சொல்லி முடித்தபோது ஒருவரும் எழுந்து போகவில்லை. இவ்வளவு அக்கிரமம் செய்தவனை இவ்வளவு சீக்கிரம் முடித்துவிட்டீர்களே என்று மேஸ்திரி குறைப்பட்டார். முதலில் சாட்டையடி வேண்டுமாம். சாட்டைக்கு ஒத்துக்கொண்டேன். அப்புறம் மூன்று முதலை கேட்டார்கள். என்னிடமா பேரம்? படத்தில் தெரிகிற முதலை ஒன்றுதான், அதற்கு மேல் ஒரு வால்கூடத் தர முடியாது என்று மைக்கிலேயே கத்தினேன்.

பின்வரிசையிலிருந்து ஒரு குரல் கெஞ்சியது: "ஒரு முதலை பத்தாதுண்ணே, நாப்பது பேரு வந்திருக்கோம்."

இரண்டாவது முதலையை விட்டேன்.

பாதர் கேட்டது

அந்தோணியின் பங்குக் கோவில் திருவிழாவுக்குப் படம் போட்டோம். ஆரம்பிக்கும் முன் பாதர் என்னைத் தனியாக அழைத்து, மந்திரியைக் கொல்ல வேண்டாம், மனந்திரும்பட்டும் என்றார். வெள்ளை அங்கி போட்டவரிடம் எப்படிக் கத்துவது? அப்படியே செய்தேன். மந்திரி தூக்கிய காலைக் கீழே வைத்தான், கண்ணீர் விட்டான், இளவரசன் கையைப் பிடித்து மேலே இழுத்தான். கூட்டத்தில் ஒரு கைதட்டல் இல்லை. பாதர் மட்டும் தட்டினார். துணியை அவிழ்க்கும்போது, மாதா பீடத்துக்குப் பூக்கட்டுகிற அம்மா ஒருத்தி இடுப்பில் கைவைத்துக்கொண்டு என் எதிரே நின்றாள்.

"மன்னிக்கிறது பாதர் வேலை தம்பி, அவரு காலையில பூசையில மன்னிப்பாரு. நாங்க படம் பாக்கத்தானே வந்தோம்?"

துணிக்குப் பின்னால்

புக்கிட் மேரா கம்பத்துக் கிராமத்தில், திரைத் துணிக்குப் பின்பக்கம் ஒரு கூட்டம் காசு கொடுக்காமல் உட்கார்ந்து பார்க்கிறது என்று கேள்விப்பட்டு, சண்டை போடப் போனேன். பின்னாலிருந்து பார்த்தால் படம் இடம் வலமாக மாறித் தெரியும். இளவரசன் இடக்கையால் கத்தி வீசுவான். முன்வரிசையில் மரப்பெட்டி போட்டு உட்கார்ந்திருந்தார் ஒரு சீனக் காய்கறி வியாபாரி. தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. முந்தின முறையும் வந்து பார்த்தாராம். குதிரை பூட்டைக் கடித்தபோது தொடையில் தட்டிச் சிரித்தார். பக்கத்துப் பெட்டியில் எனக்கு இடம் விட்டார். கத்த வந்தவன் உட்கார்ந்தேன். அந்தப் பூட்டு எனக்கும் பிடிக்கும். நான்காவது ரீல் முடியப் போகிறபோது மனிதர் எழுந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டார். இன்னும் கொஞ்சம் இருக்கிறதே, அவன் தொங்குகிறானே என்றேன், எனக்குத் தெரிந்த சந்தை மலாயில்.

அவரும் அதே மலாயில் சொன்னார்: "குதிரை வேலை முடிஞ்சிருச்சு. மனுசன் விழுந்தா என்ன, விழாட்டி என்ன?"

வீட்டில் கேட்ட கேள்வி

அப்படி நினைக்க என்னால் முடியவில்லை. வருஷக்கணக்காக அந்த இளவரசன் என் கண்ணெதிரே தொங்குகிறான். தூங்கப் போனால் அந்தக் கால் வந்து நிற்கிறது. ஆளுக்கொரு முடிவு சொல்லிச் சொல்லி, உண்மையில் என்ன நடந்தது என்று தெரியாத ஒரே ஆள் நான்தான் என்று ஆகிவிட்டது.

என் மனைவிக்குப் படமென்றால் பைத்தியம். இந்தப் படத்தை என்னோடு எல்லா இடத்திலும் வந்து பார்த்திருக்கிறாள். நான் சொன்ன முடிவையெல்லாம் கேட்டிருக்கிறாள். ஒரு நாள் சோறு போடும்போது, "ஊருக்குச் சொன்னதெல்லாம் இருக்கட்டும், எனக்கு மட்டும் நெஜத்தைச் சொல்லுங்க, அவன் பொழைச்சானா?" என்று கேட்டாள். பிழைத்தான், மந்திரியைக் கட்டி வைத்து அடித்தான், குதிரையும் உதைத்தது என்றேன். அவள் குழம்புக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள்.

"நீங்க சொல்றதுல எல்லாம் ஒங்க கோவந்தான் வருது. கதை வரலியே."

ஐயா, வாழ்நாளெல்லாம் ஒருவர் சொன்ன விலைக்கு ஒரு துரும்புகூட வாங்காதவன் இன்றைக்குச் சொல்கிறேன், அந்த ரீலை எடுத்துக்கொண்டு வாரும், நீர் சொல்வதுதான் விலை.