கொக்கோ ஸ்டோரில் சாம்பிராணி

மீ நூடுல்ஸ் கடையில், வினிகரில் பச்சைமிளகாய் ஊறப்போட்ட போத்தலை யாரோ திறக்கிறார்கள். அந்தப் புளிப்பு மூக்கில் ஏறியதுமே நான் அங்கே இல்லை. புக்கிட் ரோத்தான் பக்கத்துத் தோட்டத்தில், கொக்கோ ஸ்டோர் வாசலில் நிற்கிறேன். ஈரம், ஈ, வெதுவெதுப்பு. கோணிச்சாக்கு மூடிய மரப்பெட்டிகளில் கொக்கோக் கொட்டைகள் புளித்துக்கொண்டிருக்கின்றன. தலையில் துண்டும் கையில் துடுப்புமாக அக்கா அவற்றைப் புரட்டுகிறாள்.

எண்பதுகளின் பின்பாதி அது. அப்பா போன பிறகு அக்காவின் சம்பளத்தில்தான் பள்ளியில் ஐந்தாம் பாரம்வரை முடித்தேன். முடித்து, அதே தோட்டத்து ஆபீசில் சின்னக் கிராணி ஆனேன். கடிதங்களைப் பிரிப்பேன், தேதி முத்திரை குத்துவேன், கோப்பில் போடுவேன்.

தோட்டம் லண்டன் கம்பெனியுடையது. எங்கள் கொட்டை புளிப்பு என்று சொல்லிச் சொல்லியே சீமைச் சாக்லெட்காரர்கள் விலையைக் குறைத்துவந்தார்கள். ஆப்பிரிக்கக் கொட்டைக்கு அவர்கள் துறைமுகத்தில் வரி இல்லை, எங்களுடையதற்கு உண்டு. எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து ஒரு கடிதம் வந்தது. இங்கே இனிக் கொக்கோ வேண்டாம். மரங்களை வெட்டி, பாமாயிலுக்குச் செம்பனை போடுங்கள். ஸ்டோரை மூடுங்கள். நாங்கள் சொல்லும்வரை யாருக்கும் தெரிய வேண்டாம்.

முத்திரை குத்தினேன். மானேஜர் துரை என்னைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தார். தலையாட்டினேன். எவ்வளவு லேசாக ஆடியது அந்தத் தலை!

கையிருப்புக் கொட்டையைப் பார்த்து வாங்க அடுத்த மாதம் ஒரு வெள்ளைக்காரர் வருவதாக இருந்தது. ஸ்டோரை மூடப்போகிறார்கள் என்று தொழிலாளர் லயத்து வீடுகளில் ஏற்கெனவே பேச்சு. "அவருக்குப் புடிச்சிட்டா ஸ்டோர் நெலச்சு நிக்கும்லா," என்றாள் அக்கா. நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

அவர் வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. விடிந்ததிலிருந்து பத்துப் பெண்கள் ஸ்டோரைக் கழுவினார்கள். வாடை போகவில்லை.

"வெள்ளக்காரன் மூக்கப் பொத்திக்கிட்டு ஓடப்போறான்," என்று ஒருத்தி சிரித்தாள்.

"அவன் பூசிட்டு வர்ற செண்டுக்கு நாமதான்டி ஓடணும்."

அக்கா சிரிக்கவில்லை. விருந்தாளி வரும் வீட்டில் என்ன செய்வாளோ அதைச் செய்தாள். தணல் அள்ளி வந்து சாம்பிராணி போட்டு, காயப்போட்டிருந்த கொட்டைகளின் மேல் தட்டுத் தட்டாகப் புகை காட்டினாள். மற்றவர்களும் வீட்டுக்கு ஓடி ஆளுக்கொரு பிடி கொண்டுவந்து போட்டார்கள். கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். கொக்கோவின் கொழுப்பு, பட்ட புகையைப் பிடித்துக்கொள்ளும், விடவே விடாது என்று அங்கே யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது.

வந்தவர் சில கொட்டைகளைக் கத்தியால் பிளந்தார். முகர்ந்தார். திரும்ப முகர்ந்தார்.

"ஸ்மோக்," என்றார் துரையிடம்.

"என்னடா சொல்றாரு?" அக்கா என் காதருகே கேட்டாள்.

"புகை வாடையாம்."

"நல்ல வாடைதானே தம்பி?"

அவள் முகத்தில் இருந்த அந்த நம்பிக்கையை எங்கே கொண்டுபோய் வைப்பது? இந்த வயதுவரை எனக்கு இடம் கிடைக்கவில்லை.

அத்தனை கொட்டையையும் வேண்டாம் என்றுவிட்டார். சில வாரங்களில் ஸ்டோரை மூடும் அறிவிப்பு ஒட்டினார்கள். ஒட்டியவன் நான். வயதானவர்களுக்கு வேலை போனது. மற்றவர்கள் வெயிலில் செம்பனை உதிரிப் பழம் பொறுக்கப் போனார்கள்.

"சாமிக்குக் காட்டுறத கொட்டைக்குக் காட்டி எங்க சோத்துல மண்ணப் போட்டுட்டா!" பிடி பிடியாய்ப் போட்டவர்கள்தான் சொன்னார்கள். தண்ணீர்க் குழாயடியில் அக்கா வந்தால் வாளியை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். அவள் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று மன்னிப்புக் கேட்டாள். ஒரு வீட்டில் கதவே திறக்கவில்லை.

நான் தினமும் அந்தக் கோப்பு அலமாரியைத் திறந்தேன், மூடினேன். உள்ளே அந்தக் கடிதம். அதன் தலையில் நான் குத்திய தேதி, சாம்பிராணிக்கு ஒரு மாதம் முந்தைய தேதி. சொன்னால் வேலை போய்விடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். யார் வயிற்றைக் கட்டிப் படிக்கவைத்து வந்த வேலை அது?

அக்கா செரண்டாவில் ஒரு தொழிற்சாலைக்குப் போக முடிவு செய்தாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தம்வரை போனேன். பஸ் தூரத்தில் தெரிந்தபோதுதான் வாய் திறந்தது.

"அக்கா, உன்னால இல்லக்கா. மூடச் சொல்லி லண்டன்லேர்ந்து முன்னாடியே கடுதாசி வந்துருச்சு."

"எப்ப?"

"வெள்ளக்காரன் வர்றதுக்கு ஒரு மாசம் முந்தி."

"நீ படிச்சியா?"

"படிச்சேன்."

பஸ் வந்து நின்றது. பெட்டியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். படியில் ஏறிய பிறகுதான் திரும்பினாள்.

"எங்கிட்ட சொல்லாட்டியும் போவுது. அந்தப் பொம்பளைங்ககிட்டயாச்சும் சொல்லிருக்கலாம்லடா."