மாசிலாமணி உபதேசியாரின் லேவி கோத்திரம்

மாசிலாமணி உபதேசியார் எங்கள் சபைக்கு வந்து சேர்ந்தது 1931 ஆனி மாதம். குற்றால மலையில் சாரல் பிடித்திருந்த நேரம். தகரப் பெட்டி ஒன்று, குடை ஒன்று, சம்சாரம் ஒன்று. தென்காசி ரயிலடியிலிருந்து குத்துக்கல்வலசை வரை அந்தப் பெட்டியைச் சுமந்து வந்தவன் நான்தான். எங்கள் ஜெபவீட்டில் மணி அடிப்பது என் வேலை. குடையைக்கூட அந்த மனிதர் தம் கையால் பிடிக்கவில்லை. சம்சாரம்தான் பிடித்துக்கொண்டு நனைந்தபடி வந்தாள்.

மூன்றாம் மாதமே ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் விஷயத்தை வெளியே விட்டார். தாம் லேவி கோத்திரமாம். இஸ்ரவேலின் பன்னிரண்டு கோத்திரங்களில் ஆண்டவர் தம் ஊழியத்துக்கென்று பிரித்துவைத்தது லேவியை. தம் பாட்டனும் அப்பனும் உபதேசியார்கள். ஆகவே தாமும் லேவி. பாட்டன் அந்த வேலைக்கு வருமுன் நாங்குநேரிப் பக்கம் நாற்று நட்டவர் என்பது எங்களுக்குத் தெரியும். வாயைத் திறந்தோமா? லேவியர் வயிற்றுக்கு மற்றக் கோத்திரத்தார்தான் படியளக்க வேண்டும் என்று வேதத்தில் இருக்கிறது என்றார். இருப்பது வாஸ்தவம்தான்.

எங்கள் சபைப் பெண்கள் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி அரிசியை ஆண்டவருக்கென்று தனிக் கலயத்தில் போட்டுவைப்பார்கள். ஞாயிறன்று அது ஜெபவீட்டுக்கு வந்து, இல்லாதப்பட்ட குடும்பங்களுக்குப் போகும். லேவி வந்த பிறகு அது நேரே அவர் வீட்டுப் பானைக்குப் போயிற்று. அதுவும் போதாதென்று முதல் வாழைத்தார், முதல் பூசணி. வெட்கங்கெட்ட மனிதர், கோழி இட்ட முதல் முட்டையைக்கூட விட்டுவைக்கவில்லை.

எங்களுக்கும் ஆளுக்கொரு கோத்திரம் பிரித்துக் கொடுத்தார். வசதியான வயல்காரர்களெல்லாம் யூதா. என்னை இசக்கார் என்றார். அது எப்படிப்பட்டது என்று கேட்டேன். பலத்த கழுதை, சுமக்க ஏற்ற கோத்திரம் என்றார். சபையே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்துத் தொலைத்தேன்.

1937-இல் ஆவுடைத்தாயின் புருஷன் செத்தான். அவளுக்கென்று மிஞ்சியது குளத்துப் பாசனத்தில் ஐந்து மரக்கால் விதைப்பாடு வயல். அவளுக்கும் இரண்டு பெண்பிள்ளைகளுக்கும் சோறு அதிலிருந்துதான். அழுத கண் காயுமுன் உபதேசியார் போய் நின்றார். சாகுமுன் அவன் அந்த வயலை ஆண்டவருக்குப் பொருத்தனை பண்ணிவிட்டானாம். ஆண்டவருக்கு நேர்ந்தது லேவிக்குச் சேருமாம். பத்திரத்தில் அவள் கைநாட்டு வைக்காவிட்டால் சாபம் பிள்ளைகள் தலையில் விழுமாம். பச்சைப் பொய்.

இந்த இடத்தில் என் லட்சணத்தையும் சொல்லிவிட வேண்டும். பொருத்தனையைக் காதால் கேட்டதாக ஒரு சாட்சி தேவைப்பட்டது. உபதேசியார் என்னைக் கேட்டார். மணி அடிக்கிற வேலை போய்விடுமோ என்று பயந்து தலையாட்டிவிட்டேன்.

அறுப்புப் பண்டிகைக்குத் தென்காசியிலிருந்து குருவானவர் வந்தார். ஆராதனை முடிந்ததும் உபதேசியார், கைநாட்டு மட்டும் பாக்கியாக எழுதி வைத்திருந்த பத்திரத்தை நீட்டி அவருடைய ஆசீர்வாதத்தைக் கேட்டார். ஆவுடைத்தாய் எழுந்தாள். எழுத்து வாசனை இல்லாதவள். ஆனால் ஆறு வருஷம் கேட்ட பிரசங்கத்தில் ஒரு வார்த்தையும் மறக்காதவள்.

"ஐயா, எல்லாக் கோத்திரத்துக்கும் நெலத்தப் பங்கு வச்சப்போ, லேவிக்கு மட்டும் நெலம் கெடையாது, ஆண்டவருதான் பங்குன்னு இவிய வருசா வருசம் சொல்லுதாவ. அதச் சொல்லித்தான எங்க அரிசிய வாங்குதாவ. இப்ப ஆண்டவரு பத்தலையாக்கும்?"

குருவானவர் சிரிக்கவில்லை. லேவியருக்குக் குடியிருக்க ஊரும் மாடு மேய வெளியும் உண்டு, பயிரிட வயல் பங்கு இல்லை, அவள் சொல்வது சரி என்றார். பிறகு உபதேசியாரைப் பார்த்து, நீர் எந்தக் கோத்திரம் என்று கேட்டார். மாசிலாமணி யோசித்தார். ஒரு பக்கம் வயல், மறுபக்கம் கலயத்து அரிசி. வயல் பெரிதாகத் தெரிந்தது.

"நல்லா யோசிச்சா, நாங்க யூதா வழியாத்தான் இருக்கணும்" என்றார்.

"அப்படியானால் ஆண்டவருக்கு நேர்ந்தது உமக்குச் சேராது" என்று சொல்லி, குருவானவர் பத்திரத்தை மடித்து ஆவுடைத்தாயிடம் கொடுத்துவிட்டார்.

அடுத்த ஞாயிறு பெண்கள் கலயங்களோடு இல்லாதப்பட்டவர்கள் வீட்டுக்கே நேராகப் போனார்கள். யூதாவுக்கு யார் படியளப்பார்கள்? வயலுக்கு ஆசைப்பட்டு, தின்ற சோற்றிலும் மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டார். மறு வருஷம் பாவூர்சத்திரம் பக்கம் மாற்றலாகிப் போனார். அங்கே எந்தக் கோத்திரமோ, யார் கண்டது?

ரயிலடி வரைக்கும் அவருடைய தகரப் பெட்டியை நான்தான் சுமந்தேன். திரும்பி வரும்போது ஆவுடைத்தாய் தன் வயலில் நாற்றுமுடியோடு நின்றாள். அந்தப் பத்திரத்தை யாரையோ வாசிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறாள்.

"அண்ணாச்சி, அதுல சாட்சின்னு எழுதியிருக்கது ஒங்க பேராமே?"

அதற்கும் தலையாட்டினேன். அவள் மறுபடி குனிந்து நாற்று நடத் தொடங்கினாள். மாசிலாமணி ஆயிரம் பொய் சொன்னவர்தான். என்னைக் கழுதை என்றதில் மட்டும் பொய்யில்லை.