மூன்றாவது மாடிக்குப் போன நண்டுகள்

எங்கள் தெருவிலேயே முதன்முதலாக லிப்டில் ஏறியவன் நான்தான். சொல்லிக்கொள்ள எனக்கு வேறு பெருமை கிடையாது. ஆறாம் வகுப்பை இரண்டு முறை படித்திருக்கிறேன். ஆனால் அதைப் பெருமை என்று யாரும் ஒத்துக்கொள்வதில்லை.

அப்போது எனக்கு ஒன்பது வயது. உடம்பில், முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மைக்குத் தைத்த வெள்ளை உடுப்பு, கையில் ஒரு தாம்பாளம், தாம்பாளத்தில் நான்கு நண்டுகள். அந்த நண்டுகளின் புண்ணியத்தில் ஒரு வாரம் முழுக்க, எனக்கு நரகத்தில் இடம் போட்டு வைத்திருக்கிறார்கள் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

எங்கள் தெரு ராயபுரத்தில், கடலை ஒட்டியது. ஒரு பக்கம் எங்கள் வீடுகள், எதிர்ப்பக்கம் ஒரு பழைய கிடங்கு. கிடங்கை இடித்துவிட்டுப் பதினெட்டு மாடியில் பணக்கார வீடுகள் கட்டப்போகிறார்கள் என்று தெரிந்த அன்றே தெருவில் எல்லோரும் இன்ஜினியர் ஆகிவிட்டார்கள். துறைமுகத்தில் மூட்டை ஏற்றுகிற என் சித்தப்பாதான் தலைமை இன்ஜினியர். மொட்டை மாடியில் நீச்சல் குளம் வரப்போகிறது என்ற செய்தியைக் கொண்டுவந்தவர் அவர்தான். அத்தை நம்பவில்லை.

“கடலு இங்க கீது. இத்த வுட்டுட்டு பதினெட்டு மாடி ஏறிப் போய் எவனாச்சும் குளிப்பானா?”

“இது உப்புத் தண்ணிக்கா. அவங்க ஒடம்புக்கு ஆவாது.”

“அப்ப இன்னாத்துக்கு கடலாண்ட வூடு வாங்குறானுங்க?”

“பாக்கறதுக்கு.”

அத்தை கொஞ்சம் யோசித்தாள். “நாப்பது வருசமா நான் ஓசில பாத்துகினு கீறன். அப்ப நானும் பணக்காரிதான். இது தெரியாம கருவாடு வித்துகினு கீறனே.”

அப்புறம் கட்டடத்தின் முன்னால் பெரிய படம் ஒன்றை வைத்தார்கள். கட்டி முடித்தால் எப்படி இருக்கும் என்கிற படம். தெருவே போய் நின்று பார்த்தது. கடல் இருந்தது, கட்டடம் இருந்தது. இரண்டுக்கும் நடுவில், நாங்கள் இருக்க வேண்டிய இடத்தில், பச்சைப் புல்தரை இருந்தது. புல்தரையில் ஒரு சடைநாய் நின்றது.

“நம்ம வூடு எங்கடா?” என்று அம்மா கேட்டாள்.

சித்தப்பா விரலால் அளந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: “இதோ, இந்த நாய் நிக்குது பாரு. அதான் நம்ம வூடு.”

அதற்குப் பிறகு ஒவ்வொருவரும் தங்கள் வீட்டைக் கண்டுபிடித்தார்கள். பக்கத்து வீட்டுக்கு ஒரு பூச்செடி கிடைத்தது. மூலை வீட்டுக்குக் குடையும் நாற்காலியும் கிடைத்தன. அந்த வீட்டுக்காரர் இரண்டு நாள் யாருடனும் சரியாகப் பேசவில்லை. எங்களுக்கு நாய். பள்ளிக்கூடத்தில் பையன்கள் என்னைப் பார்த்துக் குரைத்தார்கள். நானும் திரும்பக் குரைத்தேன். வாத்தியார் என்னை மட்டும் வெளியே நிற்க வைத்தார்.

இத்தனைக்கும் அந்தக் கட்டடத்தால் அதிகம் சந்தோஷப்பட்டவள் அத்தைதான். காரணம், அதன் சுற்றுச்சுவர்.

அத்தை, அப்பாவுக்கு அக்கா. காசிமேட்டில் விடிகாலையில் நெத்திலி எடுத்துவந்து காயப்போட்டு விற்பவள். எங்கள் வீடுகள் ஒன்றின் தோள்மேல் ஒன்று சாய்ந்து நிற்பவை, கூரையெல்லாம் ஷீட்டு. வெயில் தரையில் இறங்க ஒரே இடம், எதிர்ப்பக்கச் சுவரின் ஓரம். கிடங்கு இருந்த காலத்திலிருந்தே அங்கேதான் வலையை விரித்துக் காயப்போடுவாள். புதுச் சுவரோ பளீரென்று வெள்ளை. காலையில் கடல் பக்கமிருந்து வருகிற வெயில் அதில் பட்டுத் திரும்ப, இரண்டு நாளில் காய்கிற மீன் ஒரே நாளில் காய்ந்தது. “நமக்காவே கட்டிகிறான் பாரேன்” என்று அந்தச் சுவரைத் தடவிக்கொடுப்பாள்.

ஒரு வியாழக்கிழமை அந்தக் கட்டடத்து மேனேஜர் வந்தார். சின்ன வயதுக்காரர். அந்த வெயிலிலும் கழுத்தில் டை.

“மேடம், ஞாயித்துக்கிழமை மூணாவது மாடியில ஒரு மாடல் வீடு திறக்கிறோம். வீடு வாங்குறவங்க பார்க்க வருவாங்க. அன்னிலேருந்து இந்தச் சுவர் ஓரமா எதுவும் காயப்போடாதீங்க. போட்டா எங்க ஆளுங்க எடுத்துப் போட்டுடுவாங்க. ப்ளீஸ், தப்பா நினைச்சுக்காதீங்க.”

அவர் போனதும் சித்தப்பா லுங்கியை மடித்துக் கட்டினார். “ரோடு இன்னா அவங்கப்பன் வூட்டு ரோடா? நாளைக்கே கேட்டாண்ட குந்திர்லாம்க்கா. வண்டி ஒண்ணு உள்ள போவக்கூடாது.”

அத்தை நெத்திலியைப் புரட்டிக்கொண்டிருந்தாள். அந்தச் சுவர் போனால் அவளுக்குத் தொழில் போச்சு. அது எனக்கே தெரிந்தது என்றால் தெருவுக்கே தெரிந்தது என்று அர்த்தம். கடைசியில் சொன்னாள்: “என்னைய மேடம்னு கூப்ட்டான்டா. பொறந்ததுலேர்ந்து யாரும் கூப்ட்டதில்ல.”

“அதுக்கு?”

“புதுசா வூடு கட்டிகினு வந்துகிறாங்க. பால் காச்சற அன்னிக்கு சீர் வெக்காம சண்டைக்கி போறது இன்னா பழக்கம்? மொதல்ல சீர் வெப்போம்.”

எங்கள் தெருவில் யார் புதுவீடு புகுந்தாலும் எல்லோரும் தாம்பாளம் எடுத்துப் போவோம். பழம், சர்க்கரை, பூ. கடல் ஜனம் என்பதால் அதோடு உயிருள்ளது ஏதாவது ஒன்று. தாம்பாளத்தை வாங்கிக்கொண்டவர்கள் அதை வெறும் தட்டாகத் திருப்பித் தரக் கூடாது. தங்களிடம் இருப்பது எதையாவது வைத்துத்தான் தர வேண்டும். அதற்குப் பிறகு இரண்டு வீடும் உறவு.

சனிக்கிழமை அத்தை, ஆறு கடலில் கலக்கிற நெட்டுக்குப்பத்துக்குப் போய் நான்கு ஆற்று நண்டுகள் வாங்கிவந்தாள். ஒவ்வொன்றும் என் முகம் அகலம். தானே கட்டினாள். நண்டு கட்டுவதில் அத்தையை அடிக்க ஆள் கிடையாது. கொடுக்கு இரண்டையும் மடக்கி, நைலான் கயிற்றால் நீளவாக்கில் ஒரு சுற்று, குறுக்கே ஒரு சுற்று, வயிற்றுக்கடியில் ஒரு முடிச்சு. நண்டு திமிறத் திமிற அது இறுகும். அடியில் தொங்குகிற நுனியை வெடுக்கென்று இழுத்தால் மட்டும் மொத்தமும் அவிழ்ந்துவிடும். அது சமைக்கிறவர்களின் வசதிக்காக.

ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்ததும் கிளம்பினோம். சித்தப்பா பேண்டு வாத்தியத்துக்கு ஏற்பாடு செய்திருந்தார். அவர்கள் சாவுக்கு வாசிக்கிறவர்கள். கல்யாணப் பாட்டு ஒன்றுதான் தெரியும். அதையே ஐந்து முறை வாசித்தார்கள். பன்னிரண்டு தாம்பாளம், பட்டுப்புடவைகள், எனக்குப் போன வருஷத்துப் புதுநன்மை உடுப்பு. கால்சட்டை முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே வந்து, அதற்குமேல் வர மறுத்து நின்றது. எதிர்ப்பக்கத்துக்குப் போக இருபது அடிதான். இருபது அடிக்கு ஊர்வலம் போதாது என்று தெருவை இரண்டு சுற்று சுற்றிவிட்டுப் போனோம்.

மேனேஜர் ஓடிவந்தார். உள்ளே கார்கள் வர ஆரம்பித்திருந்தன. எங்களைப் பார்த்து, பேண்டுக்காரர்களைப் பார்த்து, மறுபடி எங்களைப் பார்த்தார். துரத்தவும் முடியவில்லை, கூப்பிடவும் முடியவில்லை.

“சரி மேடம், ரொம்ப சந்தோஷம். ஆனா எல்லாரும் வேண்டாம். யாராவது ஒருத்தர் மட்டும் மேல வெச்சிட்டு வரட்டும். நீங்க…” என்று இழுத்தார். அத்தையின் பட்டுப்புடவையைத் தாண்டி நெத்திலி வாசனை அவர் மூக்குக்குப் போயிருந்தது.

“நான் வோணாம். அதான சொல்ல வர?”

அவர் தரையைப் பார்த்தார். அத்தை அவரை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு என்னை முன்னால் இழுத்து நண்டுத் தாம்பாளத்தை என் கையில் கொடுத்தாள். நண்டுகளின் மேல் வாழையிலை மூடியிருந்தது, இலைமேல் மல்லிகை. “இரு, எல சரியா கீதா பாக்குறேன்” என்று இலைக்கு அடியில் கையை விட்டு ரொம்ப நேரம் சரிசெய்தாள். “போ நைனா. பாத்துப் போ. ஆட்டாத.”

மேனேஜர் என்னை லிப்டில் ஏற்றி, மூன்று என்று எழுதிய பொத்தானை அழுத்திவிட்டு, கீழே காரில் வந்து இறங்கியவர்களைக் கவனிக்கப் போய்விட்டார். உள்ளே ஆளுயரக் கண்ணாடி. நான் என்னை முழுசாகப் பார்த்தது அன்றுதான் முதல் தடவை. அவ்வளவு அழகான பையன் தலை கலைந்து நிற்கலாமா? தாம்பாளத்தைக் கீழே வைத்துவிட்டு எச்சில் தொட்டு முடியைப் படிய வைத்தேன். இலை லேசாக அசைந்தது. லிப்டு ஆடுகிறது போல என்று நினைத்தேன்.

கதவு திறந்தது. ஐஸ்பெட்டிக்குள் நுழைந்ததுபோல் குளிர். வெள்ளைத் தரை, வெள்ளைச் சோபா, செருப்புக்கு மேல் உறை மாட்டிய பத்துப் பதினைந்து பேர். எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் பெரிய மனுஷன் மாதிரி நடந்துபோய்த் தாம்பாளத்தை நடு மேஜையில் வைத்தேன். வைத்ததும் இலை எழுந்து நடந்தது.

முதல் நண்டு மேஜையிலிருந்து குதித்து ஒரு தாத்தாவின் கைத்தடியைப் பிடித்துக்கொண்டது. அவர் தடியை வீசினார். இரண்டாவது சோபாவுக்கு அடியில் போனதால் சோபாவிலிருந்தவர்கள் எல்லோரும் அதன்மேல் ஏறி நின்றார்கள். மூன்றாவது, வழுக்குகிற தரையில் பக்கவாட்டில் சறுக்கிக்கொண்டே போய், அப்போதுதான் லிப்டிலிருந்து இறங்கிய மேனேஜரின் காலுக்கு நேரே கொடுக்கைத் தூக்கி நின்றது. மேனேஜர் சமையலறைக் கல்மேடையில் தாவி ஏறினார். இத்தாலியிலிருந்து வந்த கல் என்று எல்லோருக்கும் காட்ட வைத்திருந்த மேடை அது. நாலாவது எங்கே போனது என்று தெரியவில்லை. அதுதான் எல்லோரையும் கலங்க வைத்தது.

போன் போட்டுக் காவலாளியை வரவழைத்தார் மேனேஜர். காவலாளி மாத்தூர்க்காரர், நண்டைப் பற்றித் தெரிந்தவர். வந்தார், பார்த்தார், ஒரு அடி பின்னால் வைத்தார்.

“இது ஆத்து நண்டு சார். வெரல எடுத்துகினு பூடும். என்னால ஆவாது. வெளிய அந்த அம்மா நிக்குது, கூட்டியாரவா?”

மேனேஜர் கல்மேடை மேலிருந்தபடியே கைகூப்பினார். “சீக்கிரம் கூட்டிட்டு வாங்க.”

அத்தை அவசரப்படவில்லை. லிப்டு வேண்டாமென்று படியேறி வந்தாளாம். பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வெறுங்காலோடு உள்ளே வந்து, சோபாவில் நின்றவர்களைப் பார்த்து, “குந்துங்கம்மா, ஒண்ணும் செய்யாது” என்றாள். ஒவ்வொரு நண்டாகப் பின்பக்கமிருந்து முதுகை அழுத்திப் பிடித்துத் தூக்கினாள். இடுப்பில் நைலான் கயிறு தயாராக இருந்தது. மூன்றையும் கட்டிவிட்டு நாலாவதைத் தேடிப் போனவள், குளியலறையிலிருந்து குரல் கொடுத்தாள். எல்லோரும் எட்டிப் பார்த்தோம். படகு மாதிரி ஒரு வெள்ளைத் தொட்டி. அதில் தண்ணீர் இல்லாமல் நண்டு சுகமாகப் படுத்திருந்தது.

“பாத்தியா சார், மொத ஆளு குடி வந்துட்டாரு.”

கைத்தடித் தாத்தாதான் முதலில் சிரித்தார். அப்புறம் அந்த அறையே சிரித்தது. ஒரு அம்மா சோபாவை விட்டு இறங்கிவந்து, இந்த நண்டெல்லாம் இங்கே தினமும் கிடைக்குமா என்று கேட்டார்.

“நண்டு, எறா, கருவாடு, எல்லாம் கெடைக்கும்மா. சொவத்துக்கு வெளியவே குந்திகினு இருப்பேன். குரல் குடுத்தா போதும்.” சொல்லிவிட்டு மேனேஜர் பக்கம் திரும்பினாள். “நாளைலேர்ந்து இருப்பனா இன்னான்னு சார் தான் சொல்லணும்.”

எல்லோரும் மேனேஜரைப் பார்த்தார்கள். அவர் கல்மேடையிலிருந்து மெதுவாக இறங்கி டையைச் சரிசெய்துகொண்டார். மேஜையிலிருந்த தாம்பாளத்தை எடுத்து அத்தையிடம் நீட்டினார்.

“ஐய, வெறுந்தட்ட குடுக்கக் கூடாது சார். ஒறவு அத்துக்கும். உங்க கிட்ட இருக்கறது எதுனா வெச்சிக் குடுக்கணும்.”

“என்ன வைக்கிறது மேடம்? ஸ்வீட் பாக்ஸ் இருக்கு.”

“ஸ்வீட்டு வோணாம், சக்கர ஒடம்பு. அந்த சொவத்த வெச்சிக் குடு, போதும்.”

அவர் அத்தையைப் பார்த்தார். சோபாக்காரர்களைப் பார்த்தார். கடைசியில் அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. “வெச்சிட்டேன் மேடம், எடுத்துக்குங்க” என்று வெறும் தாம்பாளத்தை இரண்டு கையாலும் கொடுத்தார். அத்தையும் சுவரே அதில் இருப்பதுபோலக் கனமாக வாங்கிக்கொண்டாள்.

கீழே வந்ததும் பேண்டுக்காரர்கள் ஆறாவது முறையாக அதே பாட்டை வாசித்தார்கள். சித்தப்பா ஆடினார். காவலாளிகூட ஓரமாக நின்று கொஞ்சம் ஆடினார். அந்தக் கூட்டத்தில் அத்தை என் காதைப் பிடித்துத் திருகி, “தாம்பாளத்த ஆட்டாதன்னு சொன்னனா இல்லியா? ஆட்டி ஆட்டி முடிச்ச வுட்டுட்டியேடா” என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னாள். சொல்லிவிட்டு, வேண்டாமென்று சொல்லியும் மேனேஜர் கொடுத்தனுப்பிய ஸ்வீட் பாக்ஸை முழுசாக என் கையில் வைத்தாள். திட்டுகிறவள் எதற்கு இனிப்புத் தருகிறாள் என்று நான் கேட்கவில்லை. எனக்கு அப்போது வாயில் இடமில்லை.

ஆனால் அந்த வாரம் தூக்கம் வரவில்லை. ஒரு தாத்தாவின் கைத்தடியைக் கடிக்க விட்டிருந்தேன். லிப்டில் தலை வாரிய பாவம் வேறு. சனிக்கிழமை மாலை கோயிலில், சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்பு வாங்கும் பாவசங்கீர்த்தன வரிசையில் நின்றேன். அத்தை எனக்குப் பின்னால் நின்றாள். என் முறை வந்ததும் மண்டியிட்டு, கண்ணாடி பார்த்தது, தாம்பாளத்தை ஆட்டியது, முடிச்சு அவிழ்ந்தது, நாலு நண்டு, பதினைந்து பேர் என்று ஒன்றுவிடாமல் ஒப்பித்தேன். சாமியார் பாவத்துக்குப் பரிகாரமாக ‘அருள் நிறைந்த மரியே’ ஜெபத்தை மூன்று முறை சொல்லச் சொன்னார்.

நான் பெஞ்சில் உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தேன். அத்தை உள்ளே போனாள். மூன்றும் முடிந்தது, அத்தை வரவில்லை. இன்னும் மூன்று சொன்னேன். அப்போது திரைக்குப் பின்னாலிருந்து ஒரு சத்தம் கேட்டது. சாமியார் சிரித்துக்கொண்டிருந்தார். அடக்கிப் பார்க்கிறார், அடங்கவில்லை. வரிசையில் நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அத்தை முக்காட்டைச் சரிசெய்தபடி வெளியே வந்து, என் பக்கத்தில் மண்டியிட்டு, ஜெபமாலையை எடுத்தாள். எனக்கு மூன்றோடு முடிந்தது. அவளோ முழு ஜெபமாலையையும் உருட்டினாள். முடித்துவிட்டு மறுபடி முதல் மணியிலிருந்து தொடங்கினாள். எனக்குப் பசித்தது. நண்டை அவிழ்த்துவிட்ட எனக்கே மூன்றுதான் என்றால், பாவம், அத்தை அப்படி என்னதான் செய்துவிட்டாள் என்று யோசித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.